ஆபாவின் ரன் நோட்டு

ஒரு கேள்விக்கு ஒரு பதில் போதும் என்று நினைப்பவர்களால் ஆபாவின் பக்கத்தில் அரை மணி நேரம்கூட உட்கார முடியாது. நான் நாலு வருடம் உட்கார்ந்தேன். ஆம்பூரைத் தாண்டி ஹைவே ஓரத்தில் இருந்த ஷூ ஃபேக்டரியில், லைனின் கடைசி மேஜை எங்களுடையது. செருப்பும் ஷூவும் தைத்து, ஒட்டி, அச்சுக் கட்டையிலிருந்து கழற்றி வரும். நாங்கள் கடைசியாகத் துடைத்து, திருப்பிப் பார்த்து, டப்பாவில் போட வேண்டும். எனக்கு ஊர் ஒடுகத்தூர் பக்கம். வேலைக்காக வாணியம்பாடியில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். ஆபாவும் வாணியம்பாடி. ஆகவே மேஜையிலும் பக்கத்தில், கம்பெனி பஸ்ஸிலும் பக்கத்தில். தப்பிக்க வழியே இல்லை.

உருதுவில் ஆபா என்றால் அக்கா. உருது தெரிந்தவர், தெரியாதவர், அவரைவிட மூத்தவர், செக்யூரிட்டி, கேன்டீன்காரர் எல்லோருக்கும் அவர் ஆபாதான். நாற்பது வயதிருக்கும். குள்ளம். புர்காவின் பாக்கெட்டில் எப்போதும் ஒரு பால் பாயின்ட் பேனா.

அவருடைய மந்திரம் ஒரே ஒரு சொல்: "வேற?"

தலை வலிக்கிறது என்று லீவு கேட்டவளிடம், "தலை வலி, சரி. வேற?" என்பார். வேறு காரணம் நிஜமாகவே இருக்கும், அதுவும் வெளியே வந்துவிடும். மாப்பிள்ளைக்கு நல்ல குணம் என்று சொன்ன தரகரிடம் மூன்று முறை "வேற?" கேட்டதில், நாலாவது முறை தரகர் எழுந்தே போய்விட்டார். கேன்டீனில் இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டுவிட்டு, சாம்பார் என்றதும், "அது தெரியுது. வேற?" என்பார். பேஜார் பிடித்த ஆள் என்று நானே முதல் மாதம் சித்தியிடம் புலம்பியிருக்கிறேன்.

ரன் விவகாரம் ஒரு அட்டைப் பெட்டியில் ஆரம்பித்தது. ஸ்லோவேனியா என்கிற நாட்டுக்குப் போகிற ஆர்டர். பெட்டியின் மேல் ஸ்டிக்கரில் அவர்கள் மொழியில் ஏதேதோ போட்டிருக்கும். கீழே இங்கிலீஷில் 'சைஸ் ரன்' என்று போட்டு, முப்பத்தாறிலிருந்து நாற்பத்தொன்று வரை எண்கள்.

"ரன்னுன்னா இன்னா சார்?" என்று ஆபா சூப்பர்வைசரைக் கேட்டார்.

"ஓடுறதும்மா."

"சைஸ் எங்க ஓடுது? டப்பாலதான கீது. வேற?"

சூப்பர்வைசர் ஓடிவிட்டார். ஆபா விடவில்லை. அவருடைய மகள் வாணியம்பாடியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தடி டிக்‌ஷனரியை மறுநாளே பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். 'ரன்' என்ற மூன்றெழுத்து இங்கிலீஷ் சொல்லுக்கு அதில் பக்கம் பக்கமாக அர்த்தம். ஆம்பூர் தாண்டும் வரை படித்தும் தீரவில்லை. ஆபாவின் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத சந்தோஷம். அவருடைய "வேற?"க்குச் சளைக்காமல் பதில் சொல்கிற ஒரு ஆள், வாழ்க்கையில் முதல் தடவையாக, அவருக்குக் கிடைத்துவிட்டார்.

அன்றைக்கே நோட்டுப் போட்டார். வீணாய்ப்போன ஆர்டர் ஷீட்டுகளைத் திருப்பிவைத்து, ஷூ தைக்கிற நூலால் தைத்த நோட்டு. இடது பக்கம் அர்த்தம். வலது பக்கம், போனில் பார்த்து எழுதிய ஸ்லோவேனியா வார்த்தை, தமிழ் எழுத்தில்.

"இங்கிலீஷ் போதாதா ஆபா? ஸ்லோவேனியா எதுக்கு?" என்றேன்.

"தெனம் நம்ம கைல தொட்டுத்தான் அந்த ஊருக்குப் போவுது. அவுங்க இன்னா பேசுறாங்கன்னு தெரிய வேணாமா?"

தெரிந்துகொண்டதும் அந்த நாட்டு மக்கள்மேல் அவருக்குப் பெரிய பரிதாபம் வந்துவிட்டது. "பாரு தங்கச்சி. நமக்கு எல்லாம் ஒரே ஓட்டம்தான். பஸ் ஓடுது, மெஷின் ஓடுது, படம் ஓடுது, கடை ஓடுது. இங்கிலீஷ்காரனும் அப்படித்தான், எல்லாத்துக்கும் ரன்னு. இவுங்க பாவம். மனுசன் ஓடுனா தெச்சி. பஸ்ஸு ஓடுனா வோசித்தி. கடை நடத்துனா வோதித்தி. எலெக்‌ஷன்ல நின்னா கந்திதீராத்தி. ஒண்ணொண்ணுக்கும் தனித்தனி. எவ்ளோ கஷ்டம்! கொழந்தைங்க எப்படித்தான் பேசக் கத்துக்குதோ!"

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆபாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு அர்த்தம் கண் முன்னால் நடந்தால்தான் அதற்கு நேராக டிக் போடுவார். புத்தகத்தில் போட்டிருக்கிறதே என்றால், "புக்குல ஆயிரம் போடுவான். நான் பாக்கணும்ல?" என்பார்.

பஸ் ஓடுவது, மெஷின் ஓடுவது எல்லாம் முதல் நாளே டிக். மற்றதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. எனக்கு ஜலதோஷம் பிடித்த அன்று ஆபா கை தட்டினார். "மூக்கு ஓடுதா? இரு, இரு, தொடைக்காத!" என்று என் முகவாயைப் பிடித்துக்கொண்டு பேனாவைத் தேடினார். "நோஸ் மி தெச்சே. டிக்." பஸ்ஸே என் மூக்கைப் பார்த்துச் சிரித்தது. ஒருநாள் இறங்கும்போது அவருடைய ஒற்றைச் செருப்பு கழன்று விழுந்து, அதன் மேல் பஸ் சக்கரம் ஏறிவிட்டது. டிரைவர் பதறிப்போய் இறங்கி வந்தார். ஆபா நசுங்கிய செருப்பைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பொவோசித்தி!" என்று கத்தினார். வண்டி ஏற்றுவதும் ஒரு ரன், அதற்கு அந்த ஊர்ச் சொல். ஆபா ஏதோ கெட்ட வார்த்தையில் திட்டுகிறார் என்று நினைத்து டிரைவர் மன்னிப்புக் கேட்டார்.

அவர் தெருவில் மளிகைக்கடைக்காரர் வார்டு கவுன்சிலருக்கு நின்றபோது, மனுத்தாக்கல் ஊர்வலத்தில் கூடவே போய்ப் பார்த்து டிக் போட்டுவிட்டு வந்தார். ஓட்டை வேறு ஆளுக்குப் போட்டார். ஒரு கல்யாணத்தில் மூன்றாவது பந்தியிலேயே பிரியாணி தீர்ந்துபோனது. பெண் வீட்டார் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். காலி தேக்சாவை எட்டிப் பார்த்து ஆபா விழுந்து விழுந்து சிரித்தார். தீர்ந்துபோவதும் இங்கிலீஷில் ஒருவகை ரன்தான், அந்த ஊர்க்காரர்களுக்கு அது ஸ்மான்கலோ யே. இதையெல்லாம் பெண்ணின் தாய்மாமனிடம் விளக்குவதற்குள் நான் அவரை வெளியே இழுத்து வந்துவிட்டேன். அந்த வீட்டுக்காரர்கள் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை.

ஆனால் ஒரே ஒரு இடத்தில் ஆபா வாயே திறக்க மாட்டார். பையர் வருகிற நாளில், லைனில்.

வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுப்பவரை நாங்கள் பையர் என்போம். அவர் தரப்பிலிருந்து சரக்கைப் பார்க்க ஆள் வந்தால் ஃபேக்டரியே வேறாகிவிடும். புது ஏப்ரன், கைக்கு வெள்ளைத் துணி உறை, தரையெல்லாம் பினாயில். முதல் நாளே ஃப்ளோர் மேனேஜர் எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்வார்: "யாரும் பேசக் கூடாது. கேட்டா, ஓகே சார். அதுக்கு மேல கேட்டா, நோ ப்ராப்ளம் சார். அவ்ளோதான்." அதை மீறினால் என்ன ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். எங்கள் லைனில் ஒரு அக்கா, பாத்ரூமில் தண்ணீர் வருகிறதா என்று பையர் கேட்டதற்கு, வரவில்லை என்று உண்மையைச் சொன்னார். மறுநாள் கேட்டில் அவரை உள்ளே விடவில்லை. ஆபாவுக்குக் கணவர் இல்லை. அந்த வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் அவர் ஒருவர்தான். வேலை போனால் மகள் காலேஜை நிறுத்த வேண்டியதுதான். அதனால் ஸ்லோவேனியாவிலிருந்து வருஷத்துக்கு இரண்டு முறை வருகிற அந்த உயரமான மனிதர், நாங்கள் வைத்த பெயர் நெட்டை சார், எங்கள் மேஜையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஆபா உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தே இருப்பார். நோட்டில் அவ்வளவு வார்த்தை இருந்தும் ஒன்றைக்கூட அவரிடம் சொன்னதில்லை.

பக்ரீத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது நெட்டை சார் வந்தார். அடர் சிவப்பில் பெண்கள் ஷூ. பெட்டிகள் அடுக்கியாயிற்று, லாரி கேட்டில் நிற்கிறது. நெட்டை சார் மேஜை மேஜையாக வந்து, "ஓகே?" என்கிறார். "ஓகே சார்" என்கிறோம். "ப்ராப்ளம்?" என்கிறார். "நோ ப்ராப்ளம் சார்" என்கிறோம். பள்ளிக்கூடத்தில் பிரேயர் சொல்கிற மாதிரி.

கை உறையோடு ஈரத்துணி பிடித்தால் உறை ஊறிவிடும் என்று ஆபா அதைக் கழற்றி வைத்திருந்தார். கடைசி ஜோடியைத் துடைத்துவிட்டுத் துணியை உதறி மடித்தவர், அப்படியே நின்றார். வெள்ளைத் துணியில் சிவப்பு. சின்னக் கறை இல்லை, உள்ளங்கை அகலத்துக்கு.

சாயம் போகிறது என்றால் மூவாயிரம் ஜோடியும் வீண். அந்த ஊர்க்காரி யாரோ ஒருத்தி மழையில் போட்டு நடந்தால் கால் முழுக்கச் சிவப்பாகும். ஆபா என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். நெட்டை சார் எங்கள் மேஜைக்கு வந்து, "ப்ராப்ளம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நகர்ந்தார்.

"புஷ்ச்சா பார்வோ!" என்றார் ஆபா.

சாயம் ஓடுது. நோட்டில் பதினேழாவது வரி, டிக் விழாத வரி.

நெட்டை சார் திரும்பிய வேகத்தில் பக்கத்து அட்டைப்பெட்டி சரிந்தது. ஆம்பூரில், கடைசி மேஜையில், குள்ளமான ஒரு பெண்மணி தன் மொழியில் பேசுவதைக் கேட்டால் யாருக்குத்தான் தலை சுற்றாது? அவர் குனிந்து, மடமடவென்று, மூச்சு விடாமல் தன் பாஷையில் ஏதேதோ கேட்டார். ஆபாவுக்கு ஒரு எழுத்துக்கூடப் புரியவில்லை. ஆனால் பதில் சொல்லாமல் நிற்பது மரியாதை இல்லையே. தெரிந்ததையெல்லாம் சொன்னார்.

"அவ்தோபுஸ் வோசி," என்றார். பஸ் ஓடுது.

நெட்டை சார் கண்ணைச் சிமிட்டினார்.

"நோஸ் மி தெச்சே," என்றார் ஆபா. எனக்கு மூக்கு ஓடுது. அப்புறம் கடைசி நம்பிக்கையாக, "ஸ்மான்கலோ யே!" தீர்ந்து போச்சு.

எனக்குப் பயமும் வந்தது, சிரிப்பும் முட்டியது. இரண்டையும் அடக்கிக்கொண்டு மேஜையைப் பிடித்து நின்றேன். ஃப்ளோர் மேனேஜர் ஓடிவந்து ஆபாவின் துணியைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிவப்புக்கு ஷூவே தோற்றுவிடும். "சாயம் போவுதா? யாரு சொன்னது? நீ தொடை. நீ. நீயும் தொடை!" என்று எங்கள் மூன்று பேரைக் கூப்பிட்டுப் புதுத் துணி கொடுத்தார். உறைகளைக் கழற்றிவிட்டு ஆளுக்கொரு ஷூவை எடுத்து அழுத்தித் துடைத்தோம். மூன்று துணியும் சிவப்பு. என் துணிதான் ரொம்ப மோசம். மேனேஜர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

நெட்டை சார் விடவில்லை. தன் பாக்கெட்டிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து நனைத்து, அதே ஷூவை அவரே துடைத்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. இன்னொன்று. வெள்ளை. மேனேஜரை எழுப்பித் துடைக்கச் சொன்னார். வெள்ளை. அப்புறம் ஆபாவின் துணியை எடுத்து விரித்துப் பார்த்தார். சிவப்பின் நடுவே மங்கலாக ஒரு பூ தெரிந்தது. பூவிலிருந்து ஒரு கொடி, கொடியில் இரண்டு இலை.

நெட்டை சார் ஆபாவின் கையைச் சுட்டிக்காட்டினார். ஆபா மெதுவாக விரித்தார். உள்ளங்கையில் அதே பூ, பாதி அழிந்துபோய்.

முதல் நாள் சாயங்காலம் ஆபாவின் மகள், அஞ்சே நிமிடத்தில் சிவக்கும் என்று பஜாரில் விற்ற மெஹந்தி கோனை வாங்கி வந்து அம்மாவுக்குப் போட்டுவிட்டிருக்கிறாள். மிச்சக் கோன்களை ஆபா காலையில் பஸ்ஸுக்கே கொண்டுவந்துவிட்டார். பெருநாள் அவருக்கு மட்டுமா, எங்களுக்கும்தானே? ஆம்பூர் வந்து சேர்வதற்குள் எங்கள் லைன் முழுக்க, எனக்கும் சேர்த்து, பூவும் கொடியும். அஞ்சு நிமிடத்தில் சிவக்கிறது ஈரம் பட்டால் அஞ்சு நிமிடத்தில் போகும் என்று யாருக்குத் தெரியும்? சாயம் போகிறதா என்று சோதிக்க மேனேஜர் தேடிப் பிடித்த மூன்று பேரும் மெஹந்திக்காரிகள்.

நெட்டை சார் சிரிக்க ஆரம்பித்தார். அவ்வளவு உயரமான ஆள் மடங்கி மடங்கிச் சிரித்து நான் பார்த்ததில்லை. லைனே சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. "சாயங்காலம் என் ரூமுக்கு வாங்க," என்று ஆபாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் சிரிப்பு அதோடு நின்றது.

சாயங்காலம் பஸ் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. ஆபா வரவில்லை. ஒரு நிமிடம் பொறுக்காத டிரைவர், செருப்பை நசுக்கிய அதே டிரைவர், அன்றைக்கு வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது என்று பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஒரு சத்தமும் வரவில்லை என்று எங்களுக்குத் தெரியும். நாற்பது பேரும் ஃபேக்டரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் அழிந்த பூவை நான் துப்பட்டாவில் மறைத்துக்கொண்டேன். தலையாட்டி அவர் வாயை அடைக்கப் பார்த்தவள் நான், அது வேறு குத்தியது.

ஆபா நிதானமாக நடந்து வந்தார். ஏறினார். உட்கார்ந்தார். நோட்டைப் பிரித்துப் பதினேழாவது வரியில் டிக் போட்டார்.

"ஆபா! இன்னா ஆச்சு?"

"கலர் ஓடுச்சுல்ல? ஷூவுல ஓடுனா இன்னா, கையில ஓடுனா இன்னா? பார்த்தேன்ல?"

"அய்யோ, அதில்ல ஆபா! வேலை? வேற?" என்று கத்தினேன். அந்தச் சொல்லை அவரிடமே நான் சொன்னது அதுதான் முதல் முறை.

ஆபா பேனாவை மூடினார். "மேனேஜர் சார் பேப்பர் எடுத்து வச்சுட்டாரு, வேலைய விட்டுடுறேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போம்மான்னு. அப்போ நெட்டை சார் கதவைத் தொறந்துட்டு வந்துட்டாரு. அவர் இங்கிலீஷ்ல சொல்லச் சொல்ல மேனேஜர் சாரே எனக்குத் தமிழ்ல சொன்னாரு. ஆறு வருஷமா இந்த ஃபேக்டரிக்கு வர்றாராம். எத்த கேட்டாலும் நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம். இத்தினி பேர்ல ஒருத்தர்கூடவா ஒரு ப்ராப்ளமும் பாக்கலன்னு ஊருக்குப் போயி தூக்கமே வராதாம். இன்னிக்குத்தான் ஒருத்தர் வாயத் தொறந்தாங்களாம். இல்லாத ப்ராப்ளமா இருந்தாலும் பரவால்லியாம். இனிமே அவர் டப்பா மேல என் கையெழுத்து இருந்தாத்தான் எடுப்பாராம்."

பஸ்ஸில் எழுந்த கூச்சலில் டிரைவர் பானெட்டில் தலையை இடித்துக்கொண்டார். நான் ஆபாவைக் கட்டிப்பிடித்து அழுதேன். மறுபடி மூக்கு ஓடியது. ஏற்கெனவே டிக் போட்டாயிற்று, துடைத்துக்கோ என்றார்.

அடுத்த தடவை நெட்டை சார் நேராக எங்கள் மேஜைக்கு வந்து, "ப்ராப்ளம்?" என்றார். ஆபா குனிந்து, மேஜைக்கு அடியில் ஒதுக்கி வைத்திருந்த, குறையுள்ள நாலு ஜோடியை எடுத்து வைத்தார். மேனேஜர் கூரையைப் பார்த்தார். நெட்டை சாருக்கு வந்த ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. நோட்டை வாங்கிப் புரட்டினார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாதே, ஆபாவே ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். அவர் திருத்தினார். டிக் இல்லாத ஒரு வரி வந்தது. மெல்லிய காலுறையில் ஒரு இழை அறுந்தால் ஏணி மாதிரி ஒரு கோடு கீழே ஓடுமாம். அதுவும் இங்கிலீஷில் ரன், அந்த ஊரில் ஸான்கா. ஆம்பூரில் அப்படிக் காலுறை போடுகிறவர்கள் யார்? அதற்கடுத்த வருகையில் அவருடைய மனைவி கொடுத்தனுப்பியதாக ஒரு காகித உறையை, காது வரை சிவந்துபோய், ஆபாவிடம் நீட்டினார். மதிய இடைவேளையில் ஆபா அதிலிருந்த காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு ஹேர்பின்னால் ஒரு குத்துக் குத்தினார். கோடு சர்ரென்று முழங்கை வரை ஓடியது. எங்கள் அலறலைக் கேட்டு செக்யூரிட்டி ஓடிவந்தார்.

நான் அந்த வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. இப்போது வேலூரில் இருக்கிறேன். ஆபா அதே ஃபேக்டரியில்தான், மகள் எம்.ஏ. முடிக்கப் போகிறாள். கடைசி நாளன்று பஸ்ஸில் அந்த நோட்டை வாங்கி முதலிலிருந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் டிக். ஒன்றே ஒன்றில் இல்லை. ஓடிப்போவது, தப்பி ஓடுவது. பொபேக்னித்தி.

"இது இன்னா ஆபா, இத மட்டும் பாக்கலியா? நம்ம லைன்லயே ரெண்டு பொண்ணுங்க ஓடிப்போயி கல்யாணம் பண்ணிக்கிச்சுங்களே."

"அதுங்க ஓடுனத நான் எங்க பாத்தேன்? லீவுல இருந்தேன்." நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "அன்னிக்கு மேனேஜர் ரூம் வாசல்ல நிக்க வச்சாங்கல்ல தங்கச்சி. அப்படியே பின்பக்கமா ஓடிடலாம்னு இருந்துச்சு. கேட்டு தொறந்துதான் இருந்துச்சு. நோட்டு கைலதான் இருந்துச்சு. ஓடுனா டிக் போட்டுக்கலாம்னுகூட ஒரு நெனப்பு."

"அப்புறம்?"

"ஓடல," என்றார் ஆபா. "ஓடாததுக்கு எப்படி டிக் போடுறது?"